பத்து டாக்டர்களில் எத்தனை பேர்? தடுப்பூசிக்குத் தயங்குபவரிடம் நிபுணர்களின் உடன்பாட்டை எடுத்துச் சொல்லும் முறை

தடுப்பூசிக்குத் தயங்குகிறவர் எல்லோரும் மருத்துவத்தை வெறுப்பவர் அல்ல. அவர்களில் கணிசமானோர் மனதில் ஓடுவது ஒரு எளிய கணக்குதான்: "டாக்டர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அவர்களுக்குள் தெளிவு வரட்டும், அதுவரை பொறுத்திருப்போம்." தான் கேள்விப்பட்டதை வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவுதான். கேள்விப்பட்ட கணக்குதான் தப்பு.

அந்தக் கணக்கு எவ்வளவு தப்பாக இருக்க முடியும் என்பதைச் செக் குடியரசில் 2021இல் நடந்த ஆய்வு காட்டியது. அந்நாட்டு மருத்துவர் சங்கத்தின் வழியாக 9,650 டாக்டர்களிடம் கோவிட் தடுப்பூசியை நம்புகிறீர்களா என்று கேட்டார்கள். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் நம்புவதாகச் சொன்னார்கள். டாக்டர்களில் எத்தனை பேர் நம்புவார்கள் என்று பொதுமக்களிடம் கேட்டபோது, அதிகம் பேர் சொன்ன பதில் 50 சதவீதம். பிறகு 2,000க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் உண்மையான எண்ணை ஒரே ஒரு முறை தெரிவித்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும் அந்தப் பிரிவில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் மற்றப் பிரிவைவிடச் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தார்கள். இந்த ஆய்வு 2022இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது.

நூறு பேரிடம் சொன்னால் கூடுதலாக நான்கு பேர். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். செலவில்லாத ஒரு வாக்கியம், ஒரே முறை சொன்னது, ஒன்பது மாதம் நின்றிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அதே சமயம், மற்ற தொண்ணூற்றாறு பேரின் முடிவை அது மாற்றவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இந்த வழியைக் கையில் எடுக்கும் நர்ஸ், டாக்டர், சுகாதாரப் பணியாளர், ஆசிரியர், குடும்பத்தில் விவரம் தெரிந்தவர் எல்லோருக்கும் இந்த இரண்டு நினைவும் சேர்ந்தே வேண்டும்.

இது வேலை செய்யும் விதத்தை ஆய்வாளர்கள் இப்படி விளக்குகிறார்கள். நிபுணர்கள் ஒத்துப்போகிறார்கள் என்ற எண்ணம் ஒரு நுழைவாயில். அது திருந்தினால் பயம் கொஞ்சம் குறைகிறது, கட்டுக்கதைகளின் மேலுள்ள நம்பிக்கை தளர்கிறது, அதற்குப் பிறகே தடுப்பூசியை ஆதரிக்கும் மனநிலை வருகிறது. 2015இல் அமெரிக்காவில் சுமார் 200 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையில், மருத்துவ விஞ்ஞானிகளில் 90 சதவீதம் பேர் தடுப்பூசி பாதுகாப்பானது என்று ஒத்துக்கொள்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தவர்களிடம் இந்த வரிசையில்தான் மாற்றம் தெரிந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற எண்ணமும் குறைந்தது. அந்தச் செய்தியில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லாமல் இது நடந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கட்டுக்கதையை நேரடியாகத் தொடாமலேயே அதன் வேரைத் தளர்த்த முடிகிறது.

முதல் வேலை: இவருக்கு இது தேவையா என்று பார்ப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு தயக்கத்தின் காரணங்களை மூன்றாகப் பிரித்தது: நம்பிக்கைக் குறைவு, 'நமக்கெங்கே அந்த நோய் வரப்போகிறது' என்ற அலட்சியம், போய்ப் போட்டுக்கொள்ள வசதியின்மை. நிபுணர்களின் உடன்பாடு முதல் காரணத்துக்கு மட்டுமே மருந்து, அதிலும் ஒரு பகுதிக்கு மட்டுமே. வேலையை விட்டு வர முடியாத தாயிடம் 90 சதவீத டாக்டர்கள் என்று பேசினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கு வேண்டியது மாலையிலும் திறந்திருக்கும் ஒரு தடுப்பூசி மையம். தட்டம்மை என்றால் லேசான காய்ச்சல் என்று நினைப்பவருக்கு முதலில் நோயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்: எதிர்ப்புச்சக்தி இல்லாதவர்கள் தட்டம்மை வந்தவரின் அருகில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும், நோய் வந்த குழந்தைகளில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீக்கம் வரும். ஊசியின் வலிக்குப் பயப்படுபவருக்கு, குழந்தையை மடியில் நிமிர்த்தி அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம், ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கலாம், வலி குறையும் என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

எனவே தயங்குபவரிடம் பேச்சை எண்ணில் தொடங்காதீர்கள். இரண்டு கேள்விகளில் தொடங்குங்கள்.

"இந்த ஊசியைப் பத்தி நீங்க கேள்விப்பட்டதுல எதும்மா உங்களை யோசிக்க வைக்குது?"

பதிலை முழுதாகக் கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அவர் முடித்த பிறகு, அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் "ஆமாம், அதுதான்" என்று சொல்லும்வரை அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம்.

"பத்து டாக்டர்களைக் கூப்பிட்டு இது பாதுகாப்பானதான்னு கேட்டா, எத்தனை பேர் ஆமான்னு சொல்வாங்கன்னு நினைக்கிறீங்க?"

'ஐந்து', 'ஆறு', 'பாதிக்குப் பாதி' என்று வந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் முறை அவருக்குப் பொருந்தும். 'எல்லாருமே ஆமான்னுதான் சொல்வாங்க, ஆனா அவங்க வேற என்ன சொல்வாங்க, அவங்க பொழப்பு அது' என்று வந்தால் எண்ணை மூடி வைத்துவிடுங்கள். அவர் டாக்டர்களின் உடன்பாட்டை ஏற்கெனவே அறிந்தவர். அவர் சந்தேகிப்பது டாக்டர்களின் நோக்கத்தை. அவரிடம் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால், 'பார்த்தீர்களா, எல்லோரும் ஒரே கூட்டு' என்று அதுவே அவர் சந்தேகத்துக்கு ஆதாரமாகிவிடும். களத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். நூறு பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் டாக்டரிடம் நாம் போவதில்லை. பேச்சுக்கும் அதே நியாயம்தான்.

இரண்டாவது கேள்வி வேறொரு வகையிலும் உதவுகிறது. ஒருவர் தன் வாயால் ஓர் எண்ணைச் சொல்லிவிட்ட பிறகு உண்மையான எண்ணைக் கேட்டால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அவருக்கே தெரிகிறது. சொல்லாமல் கேட்டவர் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று கடந்துவிடுவார்.

வாக்கியத்தைச் செய்வது

நல்ல உடன்பாட்டு வாக்கியத்துக்கு நான்கு உறுப்புகள்: யார், எத்தனை பேர், எதைப் பற்றி, அது எப்படித் தெரியும். ஒன்று குறைந்தாலும் வாக்கியம் விளம்பரம் போல ஒலிக்கும்.

யார்: 'விஞ்ஞானிகள்' என்று பொதுவாகச் சொல்வதைவிடக் 'குழந்தை மருத்துவர்கள்', 'தொற்றுநோய் நிபுணர்கள்' என்று துறையைச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் தினமும் பார்த்துப் பழகும் வகையினராக இருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை 2018இல் உலகளவில் எடுத்த சர்வேயில், உடல்நல ஆலோசனைக்கு வேறு எவரையும்விட டாக்டரையும் நர்ஸையும் நம்புவதாக 73 சதவீதம் பேர் சொன்னார்கள். முகம் தெரியாத பேராசிரியரைவிடக் காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டர் கனமானவர்.

எத்தனை பேர்: எண்ணாகச் சொல்லுங்கள். 'பெரும்பாலோர்', 'மிகப் பலர்' என்பவை ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வோர் அளவாக விழும். ஐம்பத்தைந்து சதவீதமும் பெரும்பாலோர்தான். நேரில் பேசும்போது சதவீதத்தைவிடப் 'பத்துக்கு ஒன்பது' எளிதில் பதியும். எழுத்தில் சதவீதம் போடலாம். உங்களிடம் இருக்கும் எண் 90 என்றால் 90 என்றே சொல்லுங்கள். 99 ஆக்கினால் அழுத்தம் கூடும் என்று நினைக்காதீர்கள். எதிர்க்கும் டாக்டர் ஒருவரையாவது அவர் வீடியோவில் பார்த்திருப்பார். 'எல்லா டாக்டர்களும்' என்ற சொல்லை அந்த ஒரு வீடியோ பொய்யாக்கிவிடும். பத்துக்கு ஒன்பது என்பதில் அந்த ஒருவருக்கும் இடம் இருக்கிறது.

எதைப் பற்றி: இங்கேதான் அதிக கவனம் வேண்டும். நிபுணர்கள் எதில் ஒத்துப்போகிறார்களோ அதை மட்டும் சொல்லுங்கள். 'தட்டம்மைத் தடுப்பூசி பாதுகாப்பானது, அதனால் ஆட்டிசம் வராது' என்பதில் உடன்பாடு மிக வலுவானது. 'சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டும்' என்பது வேறு கேள்வி, அது கொள்கை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட சர்வேயில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழக உறுப்பினர்களில் 86 சதவீதமும் பொதுமக்களில் 68 சதவீதமும் சொன்னார்கள். இந்த 86ஐ எடுத்து 'தடுப்பூசி பாதுகாப்பானது என்று 86 சதவீத விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்' என்று மாற்றிச் சொல்வது பொய். நல்ல நோக்கத்தோடு இப்படி மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. அதுபோலவே, எந்த வயதினருக்கு எத்தனையாவது மாதம் கூடுதல் டோஸ் என்பதில் நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும், நிபுணர்களும் வாதிடுவார்கள். அந்த விவாதம் இருப்பதை மறைக்காதீர்கள். 'எப்போது போடுவது என்பதில் பேச்சு நடக்கிறது, போடலாமா கூடாதா என்பதில் இல்லை' என்று பிரித்துக் காட்டுங்கள்.

எப்படித் தெரியும்: 'டாக்டர்கள் சொல்கிறார்கள்' என்ற உத்தி பொய்க்கும் பயன்பட்டிருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் ஒரு சிகரெட் கம்பெனி, வேறெந்தச் சிகரெட்டையும்விட எங்கள் சிகரெட்டைத்தான் அதிக டாக்டர்கள் புகைக்கிறார்கள் என்று விளம்பரம் செய்தது. இதை அறிந்த ஒருவர் உங்களை நம்பத் தயங்கினால் தப்பு அவருடையது அல்ல. ஆகவே யார் கேட்டார்கள், எப்போது, எத்தனை டாக்டர்களிடம் என்பதை ஒரே மூச்சில் சொல்லத் தயாராக இருங்கள். சொல்ல முடியாத எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

நீங்கள் பேசும் தடுப்பூசிக்கு டாக்டர்களிடம் எடுத்த சர்வே எதுவும் கையில் இல்லையென்றால்? எண்ணைக் கற்பனை செய்ய வேண்டாம். வேறு இரண்டு வகையில் உடன்பாட்டைக் காட்டலாம். ஒன்று, நிறுவனங்களின் முடிவு: உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தின் தடுப்பூசி அட்டவணையிலும் தட்டம்மை ஊசி இருக்கிறது. இரண்டு, ஆய்வுகளின் திரட்சி: தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு 138 ஆய்வுகளையும் 2.3 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளையும் உள்ளடக்கியது. அதில் ஆட்டிசத்தைப் பற்றிப் பார்த்த ஆய்வுகளில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு தென்படவில்லை. டென்மார்க்கில் 2019இல் வெளியான ஒரே ஆய்வில் மட்டும் 6,57,461 குழந்தைகள்.

நான்கு உறுப்பும் சேர்ந்த ஒரு வாக்கியம் இப்படி இருக்கும்: "செக் நாட்டுல 2021ல ஒன்பதாயிரத்துக்கும் மேல டாக்டர்களைக் கேட்டாங்க. பத்துக்கு ஒன்பது பேர் கோவிட் தடுப்பூசியை நம்புறோம்னு சொன்னாங்க." இருபது சொல்லுக்குள் முடிகிறது. இதைவிட நீளமானால் வெட்டுங்கள்.

பேச்சின் ஓட்டம்

முதல் வாக்கியமே விளைவை மாற்றுகிறது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் அறைகளில் பதிவுசெய்த 111 உரையாடல்களை 2013இல் ஆராய்ந்தார்கள். 'இன்றைக்குப் போட வேண்டிய ஊசிகள் இவை' என்று இயல்பாகத் தொடங்கியபோது மறுத்த பெற்றோர் 26 சதவீதம். 'ஊசி விஷயத்தில் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்' என்று தொடங்கியபோது மறுத்தவர் 83 சதவீதம். அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: முதலில் மறுத்த பெற்றோரிடம் டாக்டர் தன் பரிந்துரையை விட்டுவிடாமல் மீண்டும் எடுத்துச் சொன்னபோது, 47 சதவீதம் பேர் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

எனவே எல்லோரிடமும் இயல்பான அறிவிப்போடு தொடங்குங்கள். ஒப்புக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். உடன்பாடு, சதவீதம் எதுவும் வேண்டாம். சந்தேகமே இல்லாதவரிடம் 'பத்தில் ஒன்பது டாக்டர்கள் நம்புகிறார்கள்' என்று சொன்னால் அந்தப் பத்தாவது டாக்டரைப் பற்றிய கவலையை நீங்களே விதைத்துவிடுவீர்கள்.

தயக்கம் தெரிந்தால் மேலே சொன்ன இரண்டு கேள்விகள். அதன் பிறகு அனுமதி கேளுங்கள். இது சடங்கு அல்ல. அனுமதி கொடுத்தவர் காது கொடுக்கிறார்; கேட்காமல் கொட்டினால் பதில் தேடுவதிலேயே அவர் மனம் போய்விடும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரசவ விடுதிகளிலேயே தாய்மார்களோடு இந்த முறையில், கேட்டு, அனுமதி வாங்கி, தகவல் சொல்லி, மீண்டும் கேட்டுப் பேசிப் பார்த்தார்கள். தடுப்பூசி போடும் எண்ணமும், பிறகு குழந்தைகள் உண்மையில் ஊசி பெற்ற அளவும் இரண்டும் உயர்ந்தன.

ஓர் உரையாடல் மாதிரி:

"இன்னைக்குக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடணும்மா."

"இல்லைங்க டாக்டர், கொஞ்ச நாள் போகட்டும்னு பாக்குறேன். டாக்டருங்களே இதுல ரெண்டு விதமா சொல்றாங்களே."

"ரெண்டு விதமா சொல்றதைக் கேட்டா யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். எது உங்களை ரொம்ப யோசிக்க வைக்குது?"

"ஆட்டிசம் வரும்னு ஒரு டாக்டரே வீடியோல சொல்றாரு."

"ஒரு டாக்டரே சொல்றப்போ பயமா இருக்கு, இல்லையா? இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"இந்தக் கேள்வி வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. பத்து லட்சம் குழந்தைகளுக்கு மேல பாத்துட்டாங்க, சம்பந்தம் இல்லைன்னுதான் வந்திருக்கு. உலக சுகாதார நிறுவனத்துல இருக்கிற எல்லா நாடும் இந்த ஊசியைப் போடுறாங்க. வீடியோல சொல்றவங்க சிலர் இருக்காங்க, ஆனா டாக்டருங்க பாதிக்குப் பாதியா பிரிஞ்சு கிடக்கல. இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?"

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். ஐந்து, பத்து விநாடி மௌனம் நீளமாகத் தோன்றும். அதை நிரப்பினால் அவர் யோசனை கலைந்துவிடும். அவர் பேசிய பிறகு உங்கள் பரிந்துரையை ஒரே வரியில், உங்கள் பெயரில் சொல்லுங்கள்: "இன்னைக்கே போட்டுடலாம்னுதான் நான் சொல்வேன்." நிபுணர்களின் எண் எதிரே இருப்பவரின் முடிவுக்குத் துணை, முடிவைத் தூக்கி நிறுத்துவது அவர் நம்பும் ஒருவரின் நேரடியான சொல்.

எண்ணை ஒரு பேச்சில் ஒரு முறைக்கு மேல் சொல்லாதீர்கள். இரண்டாம் முறை சொல்லும்போது அது தகவலாக இருப்பதில்லை, அழுத்தமாகிவிடுகிறது.

எதிர்க் கேள்விகள்

'அந்த டாக்டர் பொய்யா சொல்வார்?' அந்த நபரைத் தாக்காதீர்கள். அவரை நம்பியவரையும் சேர்த்துத் தாக்கியதாகிவிடும். உடன்பாடு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லுங்கள். ஆட்டிசக் கதை தொடங்கியது 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டிஷ் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெளியிட்ட கட்டுரையில். அதில் இருந்த குழந்தைகள் 12 பேர். சந்தேகத்தை மருத்துவ உலகம் ஒதுக்கித் தள்ளவில்லை, பல நாடுகளில் தேடிப் பார்த்தது. அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் 10 பேர் 2004இல், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2010இல் இதழ் கட்டுரையையே நீக்கியது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. பன்னிரண்டு குழந்தைகள் ஒரு பக்கம், பத்து லட்சத்துக்கு மேல் மறு பக்கம். இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

'நிபுணர்கள் இதற்கு முன் தவறியதே இல்லையா?' தவறியிருக்கிறார்கள் என்று உடனே ஒப்புக்கொள்ளுங்கள். மழுப்பினால் அதுவரை சொன்னது எல்லாம் வீண். 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வருவது பக்கவிளைவுப் பதிவு முறையில் தெரிந்தது. அனுமதி கிடைத்த ஓர் ஆண்டுக்குள் நிறுத்திவைத்தார்கள், 1999 அக்டோபரில் சந்தையிலிருந்தே போய்விட்டது. அடுத்து வந்த இரண்டு ரோட்டா தடுப்பு மருந்துகள் ஒவ்வொன்றும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே வந்தன. பத்தாயிரத்தில் ஒன்றாக வரும் ஆபத்தையே கண்டுபிடித்து நிறுத்துகிற ஏற்பாடு இருக்கும்போது, பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கில் போடப்படும் ஊசியில் பெரிய ஆபத்து கண்ணில் படாமல் இருப்பது மிகக் கடினம். இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தவறை ஒப்புக்கொண்டு, அது எப்படிப் பிடிபட்டது என்பதுவரை சொன்னால்தான் நம்பிக்கை வளரும்.

'எல்லாம் கம்பெனிக் காசு.' கம்பெனிகள் லாபம் பார்க்கின்றன என்பது உண்மை, மறுக்க வேண்டாம். லாபத்தில் பங்கில்லாதவர்களும், ஒருவரை ஒருவர் நம்பாதவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதுதான் சொல்ல வேண்டியது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய வாய்வழிப் போலியோ மருந்து பெரும் அளவில் பரிசோதிக்கப்பட்டது சோவியத் ஒன்றியத்தில். பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று 1958இல் முன்மொழிந்ததும் சோவியத் தரப்புதான். அமெரிக்காவும் சேர்ந்து உழைத்தது. 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வது உடன்பாடு அல்ல. வெவ்வேறு வழியில் போய் ஒரே இடத்தில் சந்திப்பதுதான் உடன்பாடு. நோக்கத்தைச் சந்தேகிப்பவரிடம் எண்ணைவிட இந்த வேறுபாடுதான் செல்லும்.

போஸ்டர், வாட்ஸ்அப், கூட்டம்

எழுத்தில் உண்மை முதலில் வரட்டும். 'தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா?' என்று தலைப்புப் போட்டால், தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் மனதில் அந்த இணைப்புத்தான் தங்கும். 'பத்தில் ஒன்பது டாக்டர்கள் நம்புகிறார்கள்' என்பதே பெரிய எழுத்தில் இருக்கட்டும். அருகே பத்து மனித உருவம் வரைந்து ஒன்பதை நிறத்தால் நிரப்புங்கள். கீழே சிறிய எழுத்தில் யார், எப்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்ற ஒரு வரி. கட்டுக்கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு முறை சொல்லி, அது எந்த விதத்தில் ஏமாற்றுகிறது என்பதை விளக்கி, மீண்டும் உண்மையோடு முடியுங்கள்.

நோயுற்ற குழந்தைகளின் கொடூரமான படங்களைத் தவிர்க்கவும். 2014இல் அமெரிக்கப் பெற்றோர் 1,759 பேரிடம் நான்கு விதமான செய்திகளைச் சோதித்தார்கள். எதுவும் ஊசி போடும் எண்ணத்தை உயர்த்தவில்லை. படங்களைப் பார்த்தவர்களிடம் ஆட்டிசத் தொடர்பு பற்றிய நம்பிக்கை கூடியது. கட்டுக்கதையை மறுத்துச் சொன்ன செய்தி நம்பிக்கையைக் குறைத்தாலும், ஏற்கெனவே மிகத் தயங்கியவர்களிடம் ஊசி போடும் எண்ணத்தை மேலும் குறைத்தது. பயமுறுத்தினால் எல்லா ஆபத்தும் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். ஊசியின் ஆபத்தும் அதில் சேர்ந்துகொள்ளும்.

கூட்டம் நடத்துகிறவர்கள் செய்யும் ஒரு பெரிய பிழை, 'இரு தரப்பையும் கேட்போம்' என்று ஆதரிப்பவர் ஒருவரையும் எதிர்ப்பவர் ஒருவரையும் ஒரே மேடையில் உட்கார வைப்பது. யார் என்ன பேசினாலும், பார்ப்பவர் கண்ணில் பதிவது பாதிக்குப் பாதி. செக் நாட்டு மக்கள் சொன்ன அந்த 50 சதவீதம் இப்படிப்பட்ட காட்சிகளால்தான் உருவாகிறது என்று நினைக்க எல்லாக் காரணமும் உண்டு. எதிர்ப்பவர் வந்தே தீருவார் என்றால், தொடங்கும் முன்பே நடத்துநர் அந்தத் துறையில் யார் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை எண்ணோடு சொல்லிவிட வேண்டும்.

முன்கூட்டியே எச்சரிப்பதும் உதவும். புகையிலைக் கம்பெனி ஒன்றின் 1969ஆம் ஆண்டு உள்குறிப்பில் 'சந்தேகம்தான் நம் சரக்கு' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நிபுணர்கள் பிளவுபட்டிருப்பதாகக் காட்டுவது பழைய உத்தி என்று ஒரு முறை தெரிந்துகொண்டவர், அடுத்த வீடியோவைப் பார்க்கும்போது 'இவர் பத்தில் எத்தனையாவது ஆள்?' என்று தானே கேட்டுக்கொள்வார்.

உங்கள் வட்டாரத்துக்கான எண்ணை நீங்களே எடுப்பது

தொலைதூர நாட்டின் எண்ணைவிட, தாம் பார்க்கும் டாக்டர்களின் எண் மக்களை அதிகம் தொடும். எடுப்பது கடினமில்லை, நேர்மையாக எடுப்பதுதான் முக்கியம்.

1. பட்டியலை முதலில் முடிவுசெய்யுங்கள்: வட்டாரத்தின் எல்லா டாக்டர்களுமா, குழந்தை மருத்துவர்கள் மட்டுமா? தெரிந்தவர்கள், நமக்குச் சாதகமானவர்கள் என்று பொறுக்கினால் எண்ணுக்கு மதிப்பில்லை.
2. கேள்விகள் மூன்று போதும்: இந்தத் தடுப்பூசி பாதுகாப்பானது என்று நம்புகிறீர்களா? உங்கள் நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கிறீர்களா? தகுதியுள்ள உங்கள் வீட்டாருக்குப் போட்டீர்களா அல்லது போடுவீர்களா? ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை', 'தெரியவில்லை' மூன்றும் இருக்கட்டும்.
3. பெயர் கேட்காதீர்கள். பெயர் இருந்தால் எதிர்க்கருத்து மறையும், எண் உப்பும்.
4. பதில் சொல்லாதவர்களுக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்புங்கள். எத்தனை பேரிடம் கேட்டு எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்பதையும் முடிவோடு வெளியிடுங்கள்.
5. பெரிய பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்த 100 பேரில் 90 பேர் 'ஆம்' என்றால், உண்மை நிலை ஏறத்தாழ 84க்கும் 96க்கும் இடையில் இருக்கலாம். 400 பேர் பதிலளித்தால் அந்த இடைவெளி 87 முதல் 93 ஆகச் சுருங்கும். 30 பேரிடம் கேட்டுவிட்டுச் சதவீதம் பேச வேண்டாம். 'கேட்ட 30 பேரில் 27 பேர்' என்று எண்ணிக்கையாகவே சொல்லுங்கள்.

முடிவு 70 சதவீதம் என்று வந்தால் அதை மக்களிடம் கொண்டுபோகும் முன் மீதி 30 சதவீத டாக்டர்களிடம் போங்கள். அவர்களுக்கு இருக்கும் கேள்விகள் தீராமல் மக்களின் தயக்கம் தீராது. மக்களின் எண்ணத்தையும் அதே காலத்தில் கேட்டு வையுங்கள். அவர்கள் ஏற்கெனவே 85 சதவீதம் என்று நினைத்தால், உங்கள் 90ஐச் சொல்வதில் பயன் குறைவு. இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில்தான் இந்த முறைக்கு வேலை.

அன்றைக்கு முடியாவிட்டால்

ஒரே சந்திப்பில் மாறாதவரைத் தோல்வியாக எழுதிவிடாதீர்கள். அவர் எந்தக் கேள்வியில் நின்றார், உடன்பாட்டு எண்ணைக் கேட்டாரா இல்லையா என்பதை அவருடைய பதிவில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அவரைப் பார்ப்பது வேறொரு நர்ஸாக இருந்தாலும், முதலிலிருந்து தொடங்காமல் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். "அடுத்த வாரம் வர்றப்போ இதைப் பத்திப் பேசலாம்மா, நடுவுல ஏதாவது தோணுச்சுன்னா கேளுங்க" என்று நாளைக் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள். குழந்தைக்கு அன்று போட வேண்டிய மற்ற ஊசிகளில் அவருக்குத் தயக்கம் இல்லாதவை இருந்தால் அவற்றைப் போட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மறுத்ததால் எல்லாம் தள்ளிப்போக வேண்டியதில்லை. வட்டாரத்தில் தட்டம்மை பரவியிருந்தால் மட்டும் அடுத்த வாரம் என்று காத்திருக்காமல், இரண்டு நாளில் நீங்களே அழைத்துப் பேசுங்கள்.